நாலு மணி ஜனாஸா

பழைய போன் என்றாலே ஷிம்னாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். வராமல் என்ன செய்யும்? வெள்ளவத்தையில் கடல் பார்த்த மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, கண் பூத்துப்போகப் பாடுபட்டு ஒரு வெப்சைட்டைச் செய்து முடிப்பாள். புதுப் போனில் அது தண்ணீராக ஓடும். அதையே பழைய போனில் திறந்தால் பட்டன் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம், எழுத்தெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். போனையா குறை சொல்வார்கள்? "என்ன புள்ள இது?" என்று அவளைத்தான் பிடிப்பார்கள்.

யாராவது இறந்தால் சனங்களுக்குச் சொல்ல, பள்ளிவாசலுக்காக அவள் சும்மா செய்துகொடுத்த ஜனாஸா அறிவித்தல் பக்கத்திலும் அந்தத் தலையிடி இருந்தது. மௌத்தானவர் பெயர், தொழுகை நேரம், எந்த மையவாடியில் அடக்கம், இவ்வளவுதான் அதில் வரும். முடிந்தால் அன்றைக்கே அடக்கிவிடுகிற சனங்களுக்கு அது பெரிய உதவி. போன மாதம் கீழ்மாடி ஸாலிஹ் மாமா தன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகன் கட்டாரிலிருந்து எப்போதோ அனுப்பியது. கண்ணாடி வெடித்து, மேலே டேப் ஒட்டியிருந்தது.

"மகள், இதுல உன்ட பக்கம் ஒழுங்கா வருதில்ல. ஒருக்காப் பாரேன்."

"மாமா, இந்தப் போன இனி ஆரும் பாவிக்கிறல்ல. வீசிட்டுப் புதுசொண்டு எடுங்க," என்று சிரித்து அனுப்பிவிட்டாள். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. வேலை அப்போது தலைக்கு மேல் கிடந்தது.

இந்த மாதம் ஒரு நாள் காலை பத்து மணிபோல் மடிக்கணினிப் பையோடு படியிறங்கியவள், மாமா வாசலில் நின்று வெள்ளை ஜுப்பாவை உதறிக் கொடியில் போடுவதைக் கண்டாள். மனிதருக்குக் கண் சிவந்திருந்தது.

"நவ்பர் மௌத்தாப் போயிட்டான், மகள்."

நவ்பரும் ஸாலிஹும் ஒரு காலத்தில் ஒரே சஹன் தட்டில் கைபோட்டுச் சாப்பிட்ட கூட்டாளிகள். ஸாலிஹ் மாமாவின் மகளுடைய கலியாணத்தில், சபை நடுவில் வைத்து, நவ்பர் ஏதோ கோபத்தில் அவரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டார். அன்றோடு முறிந்தது பேச்சு. இரண்டு வீட்டாரும் ஒருவருக்கொருவர் போன்கூடப் போடுவதில்லை. இந்தச் செய்தியையும் மாமா ஷிம்னா செய்த அறிவித்தல் பக்கத்தில்தான் பார்த்திருந்தார்.

"தொழுகைக்கு முந்தி அவன்ட மகன் எழும்பிக் கேப்பான்தானே, வாப்பா ஆருக்காவது பிழை செஞ்சீந்தா மன்னிச்சு ஹலாலாக்குங்கோ எண்டு? அந்த நேரம் எல்லாரும் கேக்க, நான் ஹலாலாக்கிட்டேன் எண்டு செல்லோணும். சபையில ஏசினவன சபையிலதான் மன்னிக்கோணும். இத்தன வருஷமும் வீம்புல ஈந்திட்டேன். இதையாவது செய்யோணும்."

"அப்ப இன்னும் நிக்கிறீங்களே மாமா?"

"என்ன அவசரம்? அஸர் தொழுகையோடதானே. நாலு மணிக்கு."

ஷிம்னாவுக்குத் திக்கென்றது. அதே அறிவித்தலை அவள் தன் போனில் பார்த்தபோது காலை பத்தரை என்றிருந்தது. மாமாவின் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். நாலு மணி என்றுதான் நின்றது. சரியாக ஐந்தரை மணித்தியாலம் கூட! சங்கதி அவளுக்கு விளங்கிவிட்டது. சில பழைய பிரவுசர்கள் அவள் எழுதிய நேரத்தைக் கிரீன்விச் நேரமென்று எண்ணி, இலங்கைக்காக ஐந்தரையைத் தாங்களாகவே கூட்டிவிடும். எழுத்து கோணியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். அஸர் நேரத்து ஜனாஸாவை யார் சந்தேகப்படுவார்?

"அல்லாஹ்வே! பத்தரைக்கு மாமா! ஜுப்பாவப் போடுங்க!"

"மல்லி, இக்மனட்ட யமு!" என்று சந்தியில் நின்ற த்ரீவீல் ஆட்டோக்காரன் டிலானைச் சிங்களத்தில் அவசரப்படுத்தினாள். அவனும் பாவம், சந்து பொந்தெல்லாம் விட்டுப் பார்த்தான். பம்பலப்பிட்டியில் காலி வீதி அசையவேயில்லை. மாமா கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார். ஷிம்னா மடியில் கணினியைத் திறந்து பிழையைத் திருத்தினாள். ஒரே ஒரு வரி. சனியன் பிடித்த ஒரு வரி!

மையவாடிக்குப் போனபோது ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தொழுகையும் முடிந்து மண்ணும் போட்டாகிவிட்டது. பெண்கள் உள்ளே போவதில்லை என்பதால் ஷிம்னா வாசலோடு நின்றுவிட்டாள். மாமா மட்டும் தனியே போய், தனியே திரும்பி வந்தார்.

"என்ட பிழை மாமா. அண்டைக்கே உங்கட போன வாங்கிப் பாத்தீந்தா..."

மாமா ஏசவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது அவளுக்கு மனம் ஆறியிருக்கும்.

"என்னப் போல பழைய போன் வெச்சீக்கிறவங்க இன்னும் ஈப்பாங்கதானே, மகள்?"

"ஓ மாமா. நான் திருத்த முந்தி, காலையிலயே பாத்துட்டு வெச்சவங்க நாலு மணிக்குத்தான் வருவாங்க."

"அப்ப நாங்க நிப்போம்."

நின்றார்கள். மாமா மத்தியான லுஹரைப் பக்கத்துப் பள்ளியில் தொழுதுவிட்டு வந்தார். டிலான் போகாமல் நின்று, எங்கேயோ தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான்.

அஸர் முடிய ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கைத்தடியோடு ஒருவர், களுபோவில ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக்கொண்டு நேரே வந்த ஒருவர், நீர்கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்த இருவர். ஒவ்வொருவரிடமும் ஷிம்னா போய், "நேரம் பிழையாக் காட்டினது நான் செஞ்ச பக்கம்தான், மன்னிச்சுக்கோங்க," என்றாள். கைத்தடிக்காரர், "மௌத்துல என்ன புள்ள விளையாட்டு?" என்று சீறினார். சீறட்டும், நியாயம்தானே.

மாமா அவர்களை உள்ளே கூட்டிப்போய்ப் புது மண்ணருகே வரிசையாக நிறுத்தினார். தொழுகையைத் தவறவிட்டவர்கள் அடக்கிய பிறகு கபுரடியிலும் தொழலாம். ஆனால் தொழுகைக்கு முன் மன்னிப்புக் கேட்க நவ்பரின் மகன் அங்கே இல்லை, வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். ஸாலிஹ் மாமாவின் குரல் வாசல்வரை கேட்டது.

"எங்கட நவ்பர் ஆருக்காவது பிழை செஞ்சீந்தா, அவன்ட கூட்டாளி நான் கேக்கிறேன், மன்னிச்சு ஹலாலாக்குங்கோ!"

"ஹலாலாக்கிட்டேன்" என்று முதலில் சொன்னதும் அதே குரல்தான். வாசலில் நின்ற ஷிம்னா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.