அடுத்த வீட்டு வெளிச்சம்

சகாயநாதன் அந்தப் பொய்யை மாதா கோயில் வாசலில் வைத்துத்தான் சொன்னார். ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தபோது, மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாயார் அற்புதம்மாள் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"உங்க வீட்டுக்கு எங்க கம்பெனி கரெண்டு வந்தாச்சுங்களா?"

அவள் மகன் கிளமென்ட், அந்நாளில் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் கம்பெனியில் லைன் இன்ஸ்பெக்டர். 'எங்க கம்பெனி' என்பதில் அந்தப் பெருமை தெரிந்தது.

"வந்தாச்சுங்களே" என்றார் சகாயநாதன். அப்படிச் சொல்ல அவசியமே இல்லை. வாய் முந்திக்கொண்டது.

பாலக்கரையில் அவர்கள் குடியிருந்த வீட்டில் மின்சாரம் கிடையாது. வாடகைக்கு இருப்பவர் கேட்டால் மட்டும் போதாது, வீட்டுக்காரரும் சம்மதிக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. விளக்கு வந்துவிட்டால் இவர்களைக் கிளப்பவே முடியாது என்று வீட்டுக்காரர் மறுத்துவிட்டார்.

"உள்ளதைச் சொல்லிடுங்கப்பா" என்றாள் மகள் லூர்துராணி.

"இனிமே எப்படிம்மா? கோயில் வாசல்ல நின்னு புளுகினவன்னு பேராயிடும்."

தாயில்லாத பெண். இதற்கு முன் வந்த வரன்கள் தட்டிப்போயிருந்தன. கோயிலில் பாடும் குழுவில் கிளமென்ட்டை அவள் பார்த்திருக்கிறாள். பிடித்திருந்தது. இதுவும் தட்டிப்போய்விடுமோ என்ற பயம் அவள் வாயையும் அடைத்துவிட்டது.

அடுத்த வீட்டு ஷரபுன்னிசா தையல் வேலை செய்பவள். பகலில் வீட்டுவேலை, இரவில் பல்பு வெளிச்சத்தில் தையல். பெண் பார்க்க வரும் அன்றைக்கு மட்டும் கரெண்டு இரவல் வேண்டும் என்றதும் சிரித்தாள்.

"எடுத்துக்குங்கண்ணே. ஒரு சாயங்காலம்தானே, என் பல்பு கோவிச்சுக்கவா போகுது?"

அவள் வீட்டிலிருந்து சுவருக்கு மேலாக, இவர்கள் சமையலறையின் தகரக் கூரைமீது கம்பி ஓடி, ஜன்னல் வழியாகக் கூடத்துக்கு வந்தது. நடுவில் ஒட்டுப்போட்ட இடத்தில் பழைய துணியைச் சுற்றியவள் லூர்துராணிதான்.

அவர்கள் பெண் பார்க்க வந்த சாயங்காலம் வானம் மூடிக்கிடந்தது. பல்பு எரிந்தது. இரவல் வாங்கிய மேசை விசிறி சுற்றியது. லூர்துராணி காபியோடு வந்தபோது கிளமென்ட் அவளைப் பார்க்கவில்லை. பல்பைப் பார்த்தான். பிறகு கம்பியைப் பார்த்தான். அவன் பார்வை கம்பியோடு ஜன்னல்வரை போய் நின்றது. அவளுக்குக் காது மடல் சுட்டது.

"ரீடிங் எடுக்க யாருங்க வர்றது? பிச்சமுத்துவா?" என்றாள் அற்புதம்மாள்.

"ஆமாங்க, பிச்சமுத்துதான். நல்ல பையன்."

"பையனா? அவரு பேரன் எடுத்தாச்சுங்களே."

"நம்மளைவிடச் சின்னவருன்னு சொன்னேங்க" என்றார் சகாயநாதன். துண்டு கையில் இருந்தும் வியர்வையைத் துடைக்கத் தோன்றவில்லை. கிளமென்ட் காபி டம்ளருக்குள் எதையோ தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டான்.

தூறல் விழும் சத்தம் கேட்டது. கொல்லையில் துணி காய்கிற நினைவு வர, லூர்துராணி தப்பித்தோம் என்று எழுந்து பின்பக்கம் போனாள். கொடிக்கம்பியின் ஒரு முனை அந்தத் தகரத்தோடு கட்டியிருந்தது. அவள் கையை நீட்டினாள்.

"கொடியைத் தொடாதீங்க! தகரத்துல கரெண்டு இறங்கியிருக்கும்!"

கிளமென்ட் கூடத்திலிருந்து ஓடிவந்திருந்தான். அவள் அப்படியே நின்றாள். அவன் நனைந்துகொண்டே அடுத்த வீட்டுக்குப் போய் ஃபியூஸைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது. விசிறி மெல்ல நின்றது.

அவன் திரும்பி வந்தபோது அற்புதம்மாள் எழுந்து நின்றிருந்தாள்.

"என்னடா இது? இவங்களுக்கு லைனே இல்லையா?"

"இல்லம்மா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வாசல்லயே தெரியும். போஸ்ட்லேர்ந்து இந்த வீட்டுக்குக் கம்பி வரலை."

"தெரிஞ்சிருந்துமா என்னைப் பிச்சமுத்துவைப் பத்திக் கேக்க விட்டே?"

சகாயநாதன் யார் முகத்தையும் பார்க்காமல் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

"அப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் லூர்துராணி. "ஒட்டுல துணி சுத்தினது நான். உங்க சம்பந்தம் போயிடக் கூடாதுன்னு நானும்தான் பேசாம இருந்தேன்."

ஷரபுன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டபடி வாசலில் வந்து நின்றாள். "தம்பி, அடுத்த வீட்டுக்குக் குடுத்தா லைனைப் புடுங்கிடுவாங்களாமே, நெசமா?"

கிளமென்ட் தலையசைத்தான். விதி அப்படித்தான்.

"அவங்க லைனை வெட்டிடாதீங்க" என்றாள் லூர்துராணி. "எங்களை வேணாம்னு சொல்லிட்டுப் போங்க. அது நியாயம். அவங்களுக்கு ராத்திரித் தையல்தாங்க சோறு."

"நான் ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லப்போறதில்லை" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "எனக்கே வெக்கமா இருக்கு. மரியாதைன்னு நெனச்சு வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். தூறல் விழுந்ததுமே எழுந்திருச்சிருக்கணும். நீங்க கையை நீட்டுற வரைக்கும் உக்காந்திருந்தேன்."

ஷரபுன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். அற்புதம்மாள் இருட்டில் நாற்காலியைத் தடவி மறுபடி உட்கார்ந்தாள்.

"ஒரு விளக்கு கொண்டாம்மா. வந்த காரியத்தைப் பேச வேணாமா?"

லூர்துராணிக்குப் புரியவில்லை. "உங்களுக்குக் கோவம் இல்லீங்களா?"

"இருக்கு. நிறைய இருக்கு. ஆனா அடுத்த வீட்டுக்காக இவ்வளவு பேசுறே, நாளைக்கு என் வீட்டுக்காகவும் பேசுவேல்ல. இவனைப் பிடிச்சிருக்கா, அதைச் சொல்லு. இதுலயாச்சும் உள்ளதைச் சொல்லு."

"பிடிச்சிருக்குங்க" என்றாள். தலை நிமிரவில்லை.

மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு அவள் அப்பாவைத் தேடிப் போனாள். சகாயநாதன் தகரத்திலிருந்து எடுத்த கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்ததைப் பிரித்து மறுபடி சுருட்டினார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"போயிட்டாங்களா?"

"இல்லப்பா. உக்காந்திருக்காங்க. கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கத் தேதி பேசணுமாம். உங்களைக் கூப்பிடுறாங்க."

அவர் திரும்பவில்லை.

"நீ போம்மா. வரேன்" என்றார். சுவரைப் பார்த்தபடியே நின்றார். அவள் போகாமல் பக்கத்திலேயே நனைந்துகொண்டு நின்றாள்.