நுனி பிடித்தவர்

சொந்தக்காரர் வீட்டை மதிப்பிடக் கூடாது என்பது அலுவலகத்தின் விதி. அந்த ஒரு விதியைப் படித்துப் படித்துச் சொல்லித்தான் போன மாதம் முழுக்கச் சகலையைத் தட்டிக் கழித்தார் மதிப்பீட்டாளர். வீட்டை அடமானம் வைத்துச் சகலை இரண்டாவது குழாய்க் கடை போடப் போகிறான். வங்கி மதிப்பீடு கேட்டது. அந்த வேலை இவருடைய அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது.

“அண்ணே, நீங்களே வந்து பாத்துடுங்க. வெளியாள் எதுக்கு?” என்று சகலை போனில் கேட்டபோது முடியாது என்றார். அப்படிச் சொன்னதில் இருந்த சுகம் அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பதினெட்டு வருடமாக இந்த வேலை. கறார் ஆள் என்று பெயர். போகிற வீட்டில் உட்கார மாட்டார். நீட்டிய தண்ணீரை நின்றபடி குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுப்பார். எந்த வீட்டையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை, மோசம் என்றும் சொன்னதில்லை. எவ்வளவு தேறும் என்று கேட்டால், அறிக்கை வங்கிக்குத்தான் போகும் என்பார். வாசல்வரை வந்து வழியனுப்ப நினைத்தவர்கள் அதைக் கேட்டதும் உள்ளே போய்விடுவார்கள்.

அவர் இருப்பது வாடகை வீடு. இரண்டு அறை. சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். அது அவரை உறுத்தியதில்லை. ஊரில் எத்தனையோ வீடுகளை அளந்திருக்கிறார், எதுவும் அவர்மேல் ஒட்டியதில்லை. ஒட்டியது ஒரே ஒரு வீடு. அதை அவர் அளந்ததே இல்லை.

மனைவி தங்கை வீட்டுக்குப் போய்வந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். இரண்டு நாள் திரைச்சீலைகளைத் துவைப்பாள். வாய்விட்டுச் சொன்னாலாவது பதில் சொல்லலாம்.

சகலை வீட்டுக் கோப்பு ஆறு மாதத்துக்கு முன்னால் சேர்ந்த பெண்ணிடம் போனது. எப்போதும் காதில் பென்சில் செருகியிருப்பதால் அவளுக்கு அலுவலகத்தில் பென்சில் என்றே பெயர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. போக வேண்டிய நாள் காலையில், அளவு டேப்பின் மறுமுனையைப் பிடிக்கிற ஆள் மாடிப்படியில் வழுக்கிக் கணுக்கால் வீங்கி வீட்டில் கிடந்தார். லேசர் கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது. மேனேஜர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

“நீங்க மதிப்பீட்டாளரா போகல. நுனியப் பிடிக்கிற ஆளா போறீங்க. வாயத் தொறக்காதீங்க, அது போதும்” என்றார்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆள் இல்லையே, என்ன செய்வது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். உண்மை வேறு. அந்த வீட்டை அவர் கூடத்துக்கு அப்பால் பார்த்ததில்லை. சகலை குடிபோன அன்று தாமதமாகப் போய், கால் மணி நேரம் கூடத்தில் உட்கார்ந்து, வேலை இருக்கிறது என்று எழுந்து வந்தவர். உள்ளே போனால் நன்றாக இருந்துவிடுமோ என்று பயம். இப்போது போகாமல் இருக்க முடியவில்லை.

வண்டியை நிறுத்திவிட்டுப் பென்சில் படிவத்தை அவரிடம் காட்டினாள். டேப் பிடிப்பவர் வீட்டு உரிமையாளரின் உறவினர், மதிப்பில் அவருக்குப் பங்கில்லை என்று எழுதியிருந்தாள். மறைக்கக் கூடாதில்ல சார் என்றாள். சரிதான் என்று தலையாட்டினார். அவராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

சகலை வாசலிலேயே நின்றிருந்தான்.

“என்னண்ணே, விதி கிதின்னீங்க. கடைசில வந்துட்டீங்களே.”

“நுனி பிடிக்க வந்தேன்.”

“பிடிங்க பிடிங்க. எங்க கல்யாணத்துல குடை பிடிச்சீங்க, இப்ப இது.”

பென்சில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, எந்தெந்த அறைக்குப் போவாள், எதைப் படம் எடுப்பாள், எவ்வளவு நேரமாகும் என்று வரிசையாகச் சொன்னாள். படம் எடுக்கக் கூடாதது ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றாள். மச்சினி தட்டில் பிஸ்கட்டும் பழச்சாறும் கொண்டுவந்தாள். பென்சில் வேண்டாமென்று சிரித்தாள். மாமாவுக்காவது கொடுக்கிறேன் என்று மச்சினி திரும்பினாள். அவரும் வேண்டாமென்றார்.

முதலில் கூடம். அவர் பக்கத்துச் சுவரை ஒட்டி நீளமான சோபா கிடந்தது. டேப்பின் நுனியோடு கையை அதன் பின்னால் நுழைத்தார். சுவருக்கு நாலு விரற்கடை இருக்கும்போது முழங்கை இடித்தது. சோபாவைத் தள்ளியிருக்கலாம். அவர் அப்போது சுவரின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடப் பழக்கம், கண் தானாக மூலைக்குத்தான் போகும். ஒரு விரிசல், ஒரு நீர்க்கசிவு, பெயின்ட் உப்பிய ஒரு இடம். ஒன்றுமில்லை. குழாய் வியாபாரி வீட்டில் ஒரு குழாய்கூட ஒழுகவில்லை.

“இருக்கா சார்?” என்று எதிர்ச் சுவரிலிருந்து பென்சில் கேட்டாள். நுனி சுவரில் பட்டிருக்கிறதா என்று அர்த்தம்.

“இருக்கு.”

அந்த வீட்டில் அவர் சொல்ல வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான். அதுவும் பொய்யாகிவிட்டது. பென்சில் எழுதிக்கொண்டாள்.

சமையலறை. பன்னிரண்டு அடி இருக்கும் என்று வாசற்படியில் நின்றதுமே தெரிந்தது. மூன்று பேர் நின்று சமைக்கலாம். மச்சினி ஜன்னலோரத்து நாற்காலியைக் காட்டினாள்.

“அக்கா வந்தா இங்கதான் மாமா உக்காருவா. கிளப்பவே முடியாது. வீட்டுக்குப் போகணுமாடீன்னு கேப்பா.”

அவர் குனிந்து நுனியைச் சுவரில் வைத்தார். பிறகு எடுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு இந்தப் பக்கம் தள்ளித் தரையில் அழுத்தினார்.

“இருக்கா சார்?”

“இருக்கு.”

யாரும் பார்க்கவில்லை. டேப்பில் எண் விழுகிற பக்கத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பூஜ்யத்தை யாரும் பார்ப்பதில்லை.

படுக்கையறையில் ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். சகலை பின்னாலேயே வந்து அலமாரிக் கதவு என்ன மரம், தரை எங்கிருந்து வந்தது என்று பென்சிலிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் பல வருடம் அப்படித்தான் ம் என்றிருக்கிறார். அந்த ம்முக்குள் எப்போதும் ஒரு அமைதி இருந்தது. இன்று இல்லை.

படுக்கையறைக்கு நேர் மேலே மாடியில் ஒரு அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பெரிய ஜன்னல். வேறொன்றுமில்லை.

“இது எனக்கு” என்றான் சகலை. “கதவச் சாத்துனா யாரும் கூப்பிடக் கூடாது. வீட்டுச் சட்டம்.”

“உள்ள என்ன பண்ணுவ?” வாயைத் திறக்கக் கூடாது என்பது கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“சும்மா உக்காந்திருப்பேண்ணே.”

சும்மா உட்கார ஒரு அறை. அவர் தன் அறிக்கைகளையெல்லாம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலில் அட்டையை வைத்து எழுதுகிறவர். மனைவி விளக்கை அணைக்கச் சொன்னால் பாதியில் எழுந்திருப்பார். நுனியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். இரண்டு சாண் விட்டுப் பிடித்தார்.

கடைசியில் வெளிச்சுவர். முன்பக்கம் முழு அகலத்தையும் வெயிலில் நின்று அளந்தார்கள். இங்கே ஒளிக்க இடமில்லை. நாற்பத்திரண்டு அடி மூன்று அங்குலம். அறைகளின் அளவையும் சுவர்களின் கனத்தையும் கூட்டினால் வெளி அளவு வர வேண்டும். வந்தால்தான் அந்த வீட்டை விட்டுக் கிளம்பலாம். அது அலுவலகத்தின் முறை.

பென்சில் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரே வரிசையில் இருந்த கீழ் அறைகள் மூன்றையும் கூட்டினாள். அழித்துவிட்டு மறுபடியும் கூட்டினாள். பதினேழு அங்குலம் உதைத்தது. மாடி அறையும் அதன் கீழே இருக்கும் அறையும் ஒரே சுவரின் மேல் நிற்கின்றன, அவற்றுக்குள்ளேயே முக்கால் அடி வித்தியாசம். அவள் காது சிவந்தது. ஒரு தடவைகூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்மேல் சந்தேகப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை என்பது அவருக்குப் புரிந்தது.

அவள் எழுந்து சகலையிடம் போனாள்.

“சார், என் அளவுல தப்பு இருக்கு. எல்லா ரூமையும் திரும்ப அளக்கணும். இன்னும் அரை மணி நேரம் ஆகும், மன்னிக்கணும்.”

சகலை அவளை விட்டுவிட்டு இவரிடம் திரும்பினான். “புதுசாண்ணே இந்தப் பொண்ணு?”

அவர் பார்வையை வெளிச்சுவர் பக்கம் திருப்பினார்.

“தப்பா எடுத்துக்காதம்மா” என்றான் அவளிடம். “கடை விஷயம். எங்கண்ணன் பக்கத்துல நிக்கறப்பவே இப்படி உதைச்சா, தனியா போற எடத்துல என்ன பண்ணுவ? அண்ணன் அளந்தா ஒரு இஞ்சு பிசகாது. நான் எங்க போனாலும் சொல்றதுதான் இது. இரு, உங்க மேனேஜர்கிட்ட பேசிடறேன். வேற ஆள அனுப்பட்டும்.”

போனை எடுத்து எண்ணைத் தேடினான். பென்சில் அட்டையை மார்போடு அணைத்தபடி நின்றாள். ஒரு புகார் போனால் அவள் வேலை அதோடு போய்விடும். அது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

இத்தனை வருடத்தில் சகலையின் வாயிலிருந்து அவர் கேட்க ஆசைப்பட்டது ஒரு இஞ்சு பிசகாது என்ற அந்த வார்த்தைதான். வந்துவிட்டது. வந்த நேரம்தான் சரியில்லை. இன்னும் ஒரு நிமிடம் சும்மா நின்றால் போதும். வீடு சிறியதாகவே இருக்கும், பெயரும் பெரியதாகவே இருக்கும்.

“போனை வை, சகல” என்றார்.

“இருங்கண்ணே, ரெண்டு நிமிஷம்.”

“வைன்னு சொல்றேன்ல. அவ படிச்சதுல தப்பில்ல. நுனி சுவத்துல படல. பிடிச்சது நான்.”

“எந்த ரூம்ல சார்?” என்று கேட்டாள் பென்சில். குரல் மெதுவாகத்தான் வந்தது.

“எல்லாத்துலயும்.”

பிஸ்கட் தட்டோடு மறுபடியும் வாசலுக்கு வந்திருந்த மச்சினிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“சோபா இடிச்சிருக்கும். அத நகத்தி வெக்கணும்னு நானே சொல்லிட்டிருந்தேன்.”

“சமையலறையில சோபா இல்லம்மா.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சகலை போனைப் பைக்குள் போட்டான். அவரை ஏற இறங்கப் பார்த்தான். முதலில் ஒன்றும் விளங்காத முகம். பிறகு விளங்கிய முகம். சிரித்திருந்தால் தேவலை. அவன் சிரிக்கவில்லை. தன் வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தான், கீழிருந்து மேல்வரை, மாடி ஜன்னல்வரை. அதை இப்போதுதான் பார்ப்பவனைப் போல.

பென்சில் படிவத்தில் அவரைப் பற்றி எழுதிய வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதினாள்.

“இது ஆபீசுக்குப் போகும் சார்.”

“போகட்டும்.”

“மேனேஜர் கேப்பாரு.”

“கேக்கட்டும். சொல்றேன்.”

அவள் டேப்பை அவரிடம் நீட்டினாள். நுனியைத் தன் கையில் வைத்துக்கொண்டு, எண் இருக்கும் பெட்டியை அவர் பக்கம் நீட்டினாள்.

“நுனிய நான் பிடிக்கறேன். நீங்க படிங்க. எனக்குக் கேக்கற மாதிரி சத்தமா.”

கூடத்தில் அவள் தோளால் சோபாவை முட்டித் தள்ளினாள். சகலை ஒத்தாசைக்கு வந்தான், வேண்டாமென்றாள். மண்டியிட்டு நுனியைச் சுவரில் அழுத்தினாள். இருக்கு என்றாள். எதிர்ச் சுவரோரம் நின்றவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“பதினாறு.”

“கேக்கல சார்.”

“பதினாறு அடி.”

சமையலறையில் பன்னிரண்டு என்றார். மச்சினி முதுகைக் காட்டியபடி ஏதோ கழுவிக்கொண்டிருந்தாள். அவள் தண்ணீரை நிறுத்தியது அவருக்குக் கேட்டது. இன்று சாயங்காலத்துக்குள் இது அக்காவின் காதுக்குப் போய்விடும். படுக்கையறையில் பன்னிரண்டு என்றார். ஒவ்வொரு எண்ணாக வாயிலிருந்து எடுத்து வைப்பது போல இருந்தது. ஒவ்வொன்றும் அவர் பார்த்த உடனே கண்ணால் போட்ட கணக்குதான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

மாடிக்கு ஏறும்போது சகலையும் பின்னால் வந்தான். உள்ளே வரவில்லை, கதவருகில் நின்றுகொண்டான். அவன் நின்று யோசித்து அவர் இதுவரை பார்த்ததில்லை. பென்சில் மூலைக்குப் போய்க் குனிந்தாள். வெறும் தரையில் டேப் நேராக, மேஜையின் கால்களைத் தாண்டி, நாற்காலியின் கீழே புகுந்து அவர் கைக்கு வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் எண் தெளிவாகத் தெரிந்தது.

“இருக்கு சார்.”

“பன்னெண்டு அடி” என்றார்.

பென்சில் எழுதினாள். நுனியை விடப் போனாள். அவர் டேப்பைச் சுருட்டவில்லை. சகலையைப் பார்க்காமல், யாரும் கேட்காமலே, இன்னொரு முறை சொன்னார்.

“முழுசா பன்னெண்டு.”