இரைப்பைக்கு வந்த மூன்று வரன்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆவுடையப்பனின் இரைப்பையைப் பெண் பார்க்க மூன்று அறுவை சிகிச்சைகள் வருவதாகப் பேச்சு.

இரைப்பை மத்தியானமே வெளியே வந்து குளித்துத் தயாராகிவிட்டது. ஆவுடையப்பனின் மனைவி அங்கயற்கண்ணி அதற்குத் தன் கல்யாணப் பட்டைச் சுற்றி, ஒரு முழம் பிச்சிப்பூவும் வைத்துவிட்டாள். முப்பத்தெட்டு வருஷம் உள்ளேயே இருந்த பிள்ளை. ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கொஞ்சம் கூசியது.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு," என்றாள் அதனிடம். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்களுந்தான் அத்தான்."

ஆவுடையப்பன் நூற்று நாற்பத்தெட்டு கிலோ. குடியிருப்பது பாளையங்கோட்டையில், மாடி வீடு. அவன் ஒரு கிலோ கூடினால் மாடிப்படியில் ஒரு படி கூடும். கூடிய படிகளுக்கு வீட்டுக்காரர் வாடகை கேட்பதில்லை. நல்ல மனிதர்.

ஆனால் வரன் பார்க்கக் காரணம் படி அல்ல. இந்த எடையால் தூக்கத்தில் அவனுக்கு மூச்சு நின்றுவிடும். தானாகத் திரும்பி வராது. யாராவது கூப்பிட வேண்டும். அதனால் இரண்டு வருஷமாக அங்கயற்கண்ணி அவன் நெஞ்சில் கை வைத்தபடி விழித்திருக்கிறாள். மூச்சு நின்றால் விலாவில் ஒரு குத்து. உடனே வந்துவிடும். அவள் தூங்கி அவன் கடைசியாகப் பார்த்தது ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே.

தரகர் டாக்டர்தான். "மூணும் நல்ல எடம். நீங்களே விசாரிச்சுக்கிடுங்க," என்று சொல்லிவிட்டார்.

ராகு காலத்துக்கு முன்னால் வந்துவிடுங்கள் என்று அங்கயற்கண்ணி மூன்று வீட்டாருக்கும் தனித்தனியே சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் மூன்று வீட்டாரும் ஒன்றாக வந்தார்கள். படியேறிய மூச்சிரைப்பில் யாரும் யாரையும் முறைக்கவில்லை. எல்லோரும் உட்கார வசதியாக ஹால் கொஞ்சம் நீண்டு கொடுத்தது.

கேசரி வந்தது. வாழைக்காய் பஜ்ஜி வந்தது. இரைப்பை காபி கொடுத்தது.

முதல் மாப்பிள்ளை வளையம். இரைப்பையின் மேல்பக்கத்தை இறுக்கிக் கட்டுகிற சிகிச்சை. நாற்காலியிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தார்.

"எங்க பையன் எதையும் வெட்ட மாட்டான்," என்றார் அவருடைய மாமா. "சரிப்படலன்னா திருப்பி அனுப்பிரலாம்."

"இதுக்கு முன்னால எங்கயும் குடுத்திருக்கியளா?" என்று கேட்டாள் அங்கயற்கண்ணி.

"நாலு எடத்துல. நாலு பேரும் திருப்பி அனுப்பிட்டாவ. நடந்தது இம்புட்டுத்தான், எடம் விட்டு வழுக்கிட்டான்."

"எடை குறைஞ்சுதா?"

"குறையும். அவசரப்படக் கூடாது."

அங்கயற்கண்ணி கொட்டாவி விட்டாள். மாமா அதைக் குறித்துக்கொண்டு இன்னொரு பஜ்ஜி எடுத்தார்.

இரண்டாவது மாப்பிள்ளை பைபாஸ். ஆறடி. பேச்சே இல்லை. அவருடைய அப்பா பேசினார்.

"எடை நல்லாக் குறையும். சர்க்கரையும் அடங்கும். சாப்பாடு முக்கால்வாசி வயித்தத் தொடாம, பாதிக் குடலுக்குச் சுத்திப் போயிரும். ஆயுசுக்கும் சத்து மாத்திரை போடணும். எங்க பையன் கண்டிப்பு."

"வேற?"

"அல்வா தின்னா நெஞ்சு படபடங்கும். வேர்த்து ஊத்தும். படுத்துக்கிடணும்."

கீழே தெருவில் அல்வாக் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது. இரைப்பை பட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது.

மூன்றாவது மாப்பிள்ளை ஸ்லீவ். ஒல்லி. அம்மாவோடு வந்திருந்தார்.

"முக்கால் பங்கு வயித்த எடுத்திருவான்," என்றாள் அந்த அம்மாள். "மிச்சம் இந்தா, இத்தன இருக்கும்." ஒரு முழு வாழைக்காயைக் கேட்டு வாங்கித் தூக்கிக் காட்டினாள்.

"எடுத்தத திரும்ப வைக்க முடியுமா?"

"முடியாது. நாங்க கட்டிக்கிட்டா கட்டிக்கிட்டதுதான்."

"கொறை ஏதும் உண்டா?"

"நெஞ்செரிச்சல் வரலாம். தையல்ல கசிவு வரலாம், அபூர்வமா. மறைச்சுட்டு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதுல்லா."

அங்கயற்கண்ணிக்கு அந்த அம்மாளைப் பிடித்துவிட்டது. அதனாலேயே அடுத்த கேள்வியை மெதுவாகக் கேட்டாள்.

"உசுருக்கு?"

மின்விசிறி நின்றது.

"ஆயிரத்துல ஒருத்தர் போயிருவாரு," என்றாள் அந்த அம்மாள். "அவரையும் கூட்டிட்டுத்தான் வந்திருக்கோம். நேராவே கேட்டுக்கிடுங்க."

வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில், கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். "காபி நல்லாருக்கு," என்றார்.

அங்கயற்கண்ணி அவருக்கு இரண்டு பஜ்ஜி கொண்டுபோய் வைத்தாள். "அண்ணாச்சி, வருத்தம் உண்டா?"

"உண்டு தாயி. இல்லன்னா பொய்."

"அப்ப வேண்டாங்கியளா?"

அவர் நிதானமாக மென்றார். "நான் ஆஸ்பத்திரிக்கே போகலன்னாலும் ஒருநா தூக்கத்துல போயிருப்பேன். எனக்கும் மூச்சு நிக்கும். தனிக்கட்டை, குத்துறதுக்கு ஆளில்ல. ஒம் புருசனுக்கு நீ இருக்க. ஆனா நீ எத்தன நாளைக்கு முழிப்ப?"

இதைத்தான் ஆவுடையப்பனும் இரண்டு வருஷமாக அவளிடம் சொல்லப் பார்க்கிறான். தொடங்குவதற்குள் தூங்கிவிடுவான்.

"நீ தூங்கணும்ளா," என்றான் இப்போது. "எனக்கு அவ்வளவுதான்."

"நான் தூங்கி எந்திரிக்கையில நீங்க இருக்கணும். எனக்கும் அவ்வளவுதான்."

இருவரும் இரைப்பையைப் பார்த்தார்கள். அது ஸ்லீவை ஓரக்கண்ணால் பார்த்தது. தரையில் கால் விரலால் ஒரு கோடு போட்டது. பிறகு தலையாட்டியது.

பைபாஸின் அப்பா பெருந்தன்மையானவர். "பின்னால தேவைப்பட்டா சொல்லி அனுப்புங்க. ஸ்லீவுக்கு அப்புறமும் நாங்க வரலாம்," என்றார். வளையம் ஏற்கனவே வழுக்கி வாசலுக்குப் போயிருந்தார்.

தாம்பூலத் தட்டு மாற்றினார்கள். ராகு காலம் பிறக்க வேண்டிய நேரம். சுவர்க் கடிகாரம் முள்ளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர்கள் முடிக்கும் வரை மரியாதையாகக் காத்திருந்தது.

"எடுக்கிற முக்கால் பங்கு எங்க இருக்கும்?" என்று கேட்டாள் அங்கயற்கண்ணி.

"எங்க வீட்டுலதான்," என்றாள் ஸ்லீவின் அம்மா.

"அது பசி தாங்காது. கோவத்துல கடாமுடாங்கும், மனசுல ஒண்ணும் கிடையாது. மோர் குடுத்தா அடங்கிரும்." சம்பந்தியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அங்கயற்கண்ணி சோபாவில் ஆவுடையப்பனின் தோளில் சாய்ந்தாள். "கண்ண மட்டும் மூடிக்கிடுதேன் அத்தான். ஆளுக இருக்காவ."

அப்படியே தூங்கிப்போனாள்.

புறப்பட எழுந்த மூன்று வீட்டாரும் சத்தமில்லாமல் திரும்ப உட்கார்ந்தார்கள். ஆயிரத்தில் ஒருவர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, நுனிக்காலில் நடந்து வந்து ஆவுடையப்பனின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்களும் சாயுங்க தம்பி," என்றார். "நின்னா நான் குத்துதேன்."

தட்டில் ஒரே ஒரு பஜ்ஜி மிச்சம் இருந்தது. இரைப்பை அதைப் பார்த்தது.

"இன்னும் ஒண்ணு வச்சுக்கிடு," என்றாள் அங்கயற்கண்ணி தூக்கத்தில்.

"போதும்மா," என்றது இரைப்பை. "நீ தூங்கு."

பிறந்ததிலிருந்து அது சொல்லாத சொல். முதல் தடவைக்கு நன்றாகவே உச்சரித்தது.