சேற்றுப்புண்

விண்ணப்பத்தின் ஏழாவது வரியில் செங்கமலம் பொய் எழுதியிருந்தாள்.

தந்தையின் தொழில் என்று கேட்டிருந்தது. சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலி என்று எழுதச் சொன்னவர் அப்பாதான். அவள் பேனாவை நிறுத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“நீ பர்மனென்ட் ஆயி ரெண்டு வருசம் ஆவுதுப்பா.”

“பர்மனென்ட்டுன்னு எழுதுனா உபகாரச் சம்பளம் தருவானா?”

தரமாட்டார்கள். வருமான வரம்பு விண்ணப்பத்திலேயே அச்சிட்டிருந்தது. நிரந்தரத் தொழிலாளியின் சம்பளம் அதைத் தாண்டும். கூலிக்காரனுடையது தாண்டாது.

“எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. எழுது.”

எழுதினாள். பாவாடை என்று அவர் கையெழுத்துப் போட்டார். அவருக்கு எழுதத் தெரிந்தது அந்த மூன்று எழுத்துதான். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. தகவல் பொய்யென்று தெரிந்தால் உபகாரச் சம்பளம் ரத்தாகும், மேல் நடவடிக்கையும் எடுக்கப்படும். அதை அவள் அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

அது ஜூன் மாதம். இப்போது ஜூலை பாதி ஆகிவிட்டது.

சிதம்பரத்தில் பி.யு.சி. முடித்திருந்தாள். முதல் வகுப்பு. அந்த ஒரு வருடத்துக்கு அம்மாவின் தோடு போனது. பி.எஸ்ஸி. மூன்று வருடம். விற்க வேறு எதுவும் வீட்டில் இல்லை. கெமிஸ்ட்ரியில் இடம் இருப்பதாகக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. சனிக்கிழமைக்குள் வருமானச் சான்றிதழுடன் வர வேண்டும். வராவிட்டால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

அன்று வியாழன். விசாரிக்க வேண்டிய ரெவின்யூ இன்ஸ்பெக்டர் இன்னும் வரவில்லை. வராவிட்டால் படிப்பு இல்லை. வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

அவர்கள் மந்தாரக்குப்பத்தில் கண்ணையனின் மளிகைக் கடைக்குப் பின்னால் குடியிருந்தார்கள். வரிசையாக நான்கு அறைகள். சுரங்கத்தில் பர்மனென்டாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் கண்ணையன் வீடு விடுவார். கான்ட்ராக்ட் ஆள் என்றைக்கு இருப்பான், என்றைக்குப் போவான் என்று தெரியாது என்பார். உப்பு வாங்க வந்தவர்களிடமும் சொல்வார்.

பாவாடைக்கு இரண்டாவது ஷிப்ட். தினமும் மதியம் ஒரு மணிக்குக் காக்கிச் சட்டையும் தோல் பூட்ஸுமாகக் கிளம்புவார். முந்திரித் தோப்புகளில் கூலிக்குப் போன காலத்தில் அவர் செருப்புகூடப் போட்டதில்லை. இப்போது பூட்ஸ் சத்தம் கேட்டால் தெருவில் வழி விட்டார்கள்.

விடுதியிலிருந்து வந்தது முதல் செங்கமலம் ஒன்றைக் கவனித்தாள். அம்மா அடிக்கடி மருதாணி அரைத்தாள். வீட்டில் யார் விரலும் சிவக்கவில்லை.

“யாருக்கும்மா?”

“ஒங்கப்பாவுக்கு. பூட்ஸ் கடிக்குதாம்.”

அவர் துணி சுற்றிய காலோடு படுப்பார். அவள் மேலே கேட்கவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு அவள் கடையில் நின்றிருந்தாள். கண்ணையன் கல்லுப்பைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அப்போது ஒருவர் சைக்கிளை நிறுத்தி, கேரியரிலிருந்து தோல் பையை எடுத்தார்.

“தாலுகா ஆபீஸ். ஆர்.ஐ. கோபாலகிருஷ்ணன். இங்க பாவாடைன்னு யாரு?”

“நம்ம வூட்டுலதாங்க குடியிருக்கான்.” கண்ணையன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். “உக்காருங்க. சோடா ஒடைக்கட்டுங்களா?”

“வேண்டாம். அவர் என்ன வேலை பார்க்கிறார்?”

“மைன்ஸ்லங்க. பர்மனென்ட்.”

“நல்லாத் தெரியுமா?”

“தெரியாமலா வூடு வுட்டேன்? வேணும்னா இருங்க, பூட்ஸ் மாட்டிகினு இப்ப வருவான். சத்தத்த வெச்சே சொல்லிடலாம்.”

கோபாலகிருஷ்ணன் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்துத் தொடை மேல் விரித்தார். தன் கையெழுத்தைச் செங்கமலம் தலைகீழாகப் பார்த்தாள். பேனா ஏழாவது வரியில் போய் நின்றது.

“சார்,” என்றாள். “நான்தான் செங்கமலம்.”

அவர் நிமிர்ந்தார். “இது நீ எழுதினதுதானே?”

“ஆமாங்க சார்.”

“ஒப்பந்தக் கூலின்னு எழுதியிருக்கே. இவர் பர்மனென்ட்ங்கறார். ரெண்டுல ஒண்ணு பொய்.”

கண்ணையன் அவளையும் காகிதத்தையும் பார்த்தார். “எதுக்குங்க இது?”

“படிப்புக்கு ஸ்காலர்ஷிப்.”

“அடக் கெரகமே. மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா? நானும் கூலின்னே சொல்லியிருப்பனே.”

கோபாலகிருஷ்ணன் சிரிக்கவில்லை. “இந்த வாரம் பதினோரு வீடு பாத்தேன். ஏழு பொய். ஒருத்தர் வீட்டுல ரேடியோ பாடிட்டிருக்கு, ஃபாரத்துல வருமானமே இல்லைன்னு இருக்கு. நீங்க ஆளுக்கு ஒரு பொய் எழுதினா, நிஜமா இல்லாதவன் பேரு கீழே போயிடுது. அது தெரியுமா உனக்கு?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சும் எழுதியிருக்கே.”

அவர் பேனா மூடியைக் கழற்றினார். செங்கமலத்தின் கையில் உப்புக் காகிதம் ஈரமாகிக்கொண்டிருந்தது.

கடைக்கும் அறைகளுக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் பூட்ஸ் சத்தம் கேட்டது. மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

பாவாடை தூக்குவாளியோடு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தொடை மேல் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் நின்றார்.

“நீங்கதான் பாவாடையா?”

“ஆமாங்க.”

கோபாலகிருஷ்ணன் அவர் காலைப் பார்த்தார். “பூட்ஸ் கம்பெனி குடுத்ததா?”

பாவாடையும் குனிந்து பூட்ஸைப் பார்த்தார். எதிர் டீக்கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பி உட்கார்ந்தார்கள்.

“சார், நாந்தான் எழுதினேன்,” என்றாள் செங்கமலம். “அவருக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்குன்னு தெரியாமதான் கையெழுத்துப் போட்டாரு. அவர் மேல நடவடிக்கை எடுக்காதீங்க. எனக்கு வேணாம் சார். ஃபாரத்தக் கிழிச்சிடுங்க.”

“கமலம்,” என்றார் பாவாடை.

அவள் நிறுத்தினாள்.

“அவ சரியாத்தான் எழுதியிருக்கா.”

தூக்குவாளியைக் கீழே வைத்தார். கடைப் படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். அவசரப்படவில்லை. ஒரு பூட்ஸைக் கழற்றினார். உள்ளே சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். அடுத்த காலையும் அப்படியே பிரித்து, இரண்டு கால்களையும் வெயிலில் நீட்டினார்.

உள்ளங்கால் வெளுத்து ஊறியிருந்தது. விரல் இடுக்குகள் வெடித்துச் சதை தெரிந்தது. அதைச் சுற்றி மருதாணி காய்ந்து கருத்திருந்தது.

“சொரங்கத்துல ஊத்துத் தண்ணி வருமில்லிங்களா, அது பம்புக்கு ஓடறதுக்கு வாய்க்கா. அதுல எறங்கி சேறு அள்றன். எட்டு மணி நேரம் தண்ணியில நின்னுகினே இருக்கணும். பூட்ஸெல்லாம் பர்மனென்ட் ஆளுங்களுக்குத்தான். இது பண்ருட்டியில பழசு வாங்கனது. மேஸ்திரி கொட்டாயில கழட்டி வெச்சிட்டுத்தான் எறங்குவன்.”

செங்கமலம் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ரெண்டு வருசமா?” என்றார் கண்ணையன்.

பாவாடை அவரைப் பார்க்கவில்லை. “கான்ட்ராக்டுன்னு சொல்லி நாலு வூட்டுல கேட்டுப் பாத்தங்க. ஒருத்தரும் வுடல. அஞ்சாவது ஒங்க வூடு.”

“சீட்டு ஏதாவது இருக்கா?” என்றார் கோபாலகிருஷ்ணன். “வேலை பாக்கறதுக்கு?”

“கூலிக்கு ஏதுங்க சீட்டு. மேஸ்திரி தலைய எண்ணி உள்ள வுடுவாரு.”

“காலப் பாத்தேன்னு எழுத முடியாது. தாசில்தார் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அக்கம்பக்கத்துல ஒருத்தர் கையெழுத்துப் போடணும். இவர் ஒப்பந்தக் கூலிதான், எனக்குத் தெரியும்னு.” அவர் கண்ணையன் பக்கம் திரும்பினார். “வீட்டுக்காரர் போட்டா போதும்.”

கண்ணையன் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இப்பதான் பர்மனென்ட்டுன்னு வாயால சொன்னன். அதே வாய் மூடறதுக்குள்ள இல்லன்னு எழுதித் தரணுமா?”

“தெரியாம சொன்னது தப்பில்ல.”

“ஒங்களுக்கு இல்லிங்க. கடத்தெரு பூரா நான் சொல்லி வெச்சிருக்கறன், கண்ணையன் வூட்டுல பர்மனென்ட்தான்னு. இதுல கையெழுத்துப் போட்டா, பழைய பூட்ஸப் பாத்து ஏமாந்தவன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆவும்.”

அம்மா தனகோடி சந்தின் முனையில் வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

“வூட்ட காலி பண்ணிக் குடுத்துர்றம்,” என்றாள். “மாசம் முடியறதுக்குள்ள. அதுக்கப்புறம் நீங்க ஏமாந்ததா ஆவாது. தெரிஞ்சதும் அனுப்பிட்டதா ஆவும்.”

கண்ணையன் அவளைப் பார்த்தார். “நான் கேக்கல தனகோடி.”

“நாங்கதான் சொல்றம்.”

கோபாலகிருஷ்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நான் இன்னும் ரெண்டு ஊரு போகணும். போடறீங்களா, இல்லையா?”

கண்ணையன் காகிதத்தை வாங்கினார். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். செங்கமலம் அவர் உதட்டையே பார்த்தாள். ஏழாவது வரியில் உதடு நின்றது.

“பொண்ணு என்னா படிக்கப் போவுது?”

“கெமிஸ்ட்ரிங்க,” என்றாள்.

“எத்தினி வருசம்?”

“மூணு.”

தராசுத் தட்டைத் திருப்பிப் போட்டு, அதன் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கீழே தேதி எழுதினார்.

“முப்பதாந்தேதி,” என்றார். பாவாடையிடமா தனகோடியிடமா என்று தெரியவில்லை. இருவரும் தலையாட்டினார்கள்.

கோபாலகிருஷ்ணன் ஏழாவது வரிக்கு எதிரே ஒரு குறி போட்டார். ஓரத்தில் இரண்டு வரி எழுதி மடித்துப் பையில் வைத்தார்.

“நாளைக்குப் பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸுக்கு வா. தாசில்தார் முத்திரை வாங்கிக்க. தபால்ல அனுப்பாதே. நீயே சனிக்கிழமை கையில கொண்டுபோய்க் குடு. ரசீது கேளு.” எழுந்தார். “வருசா வருசம் இதே மாதிரி எழுதணும். நடுவுல அப்பா நிஜமாவே பர்மனென்ட் ஆனா அதையும் எழுதணும்.”

“ஆனாருன்னா எழுதறேன் சார்.”

சைக்கிள் போயிற்று. டீக்கடையில் யாரோ மெதுவாக ஏதோ சொன்னார்கள். ஒருவர் சிரித்து நிறுத்தினார்.

சுரங்கத்துச் சங்கு ஊதியது. நேரமாகிவிட்டால் மேஸ்திரி வேறு ஆளை எண்ணி உள்ளே விட்டுவிடுவார். பாவாடை படியிலிருந்து எழுந்தார். பூட்ஸ் கீழே கிடந்தது. அவர் குனிந்து தூக்குவாளியை மட்டும் எடுத்தார்.

“அப்பா, வெயிலு,” என்றாள் செங்கமலம்.

“தெரியும்.”

தெருவில் இறங்கினார். தார் கொதித்தது. ஓர மண்ணில் நடக்கலாம். அவர் நடுவிலேயே நடந்தார். சத்தம் இல்லாததால் எதிரே வந்த மாட்டுவண்டிக்காரன் அவரைக் கவனிக்கவில்லை. பாவாடையே ஒதுங்கி வழி விட்டார்.

அப்போதுதான் டீக்கடைக்கு வந்த பழனிவேல், வெறுங்காலைப் பார்த்துக் கூப்பிட்டார். அவர் அடுத்த அறைக்காரர், சுரங்கத்தில் வேறு ஷிப்டில் பர்மனென்ட்.

“என்னாப்பா பாவாட, இன்னிக்கி லீவா?”

“இல்ல. வேலைக்குத்தான்.”

அவர் நிற்காமல் போனார். கண்ணையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“பூட்ஸ எடுத்துகினு போம்மா,” என்றார். “வர்ற ஆளுங்க தடுக்கி வுழப் போறாங்க.”

செங்கமலம் உப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு குனிந்தாள்.