மச்சம் என்று சொன்னவை

பொடிசு என்றே எல்லோரும் கூப்பிடும் அவளுக்கு ஒரு மாடி ஏறினாலே மூச்சு இரைத்தது. வயது முப்பத்திரண்டு; பார்வைக்குப் பள்ளிக்கூடத்துப் பெண். இடது தோள் வலதைவிட இரண்டு விரல் குறுகல். தையல்காரி என்பதால் சமாளித்தாள். தனக்கென்று கழுத்து மூடிய ரவிக்கை வெட்டும்போது இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி அளவு வைப்பாள்.

"ஒனக்கு ஒண்ணு தைக்கிற நேரத்துல நான் ரெண்டு பேருக்குத் தைச்சிருவேன்," என்பார் கடை மாஸ்டர்.

பிறவியிலேயே அப்படி என்று சிரித்து மழுப்புவாள்.

பிறவி இல்லை. ஒன்பது வயதில் புற்றுநோய் வந்து, நெஞ்சில் ஒரு மாதம் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள்; அதோடு உடம்பும் இடது தோளும் சரியாக வளரவில்லை. கல்யாணப் பேச்சு எழுந்ததும் அம்மா ஆஸ்பத்திரிக் காகிதங்களை எல்லாம் அடுப்பில் போட்டாள். மாப்பிள்ளை காதில் விழக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். மூச்சு இரைக்கத் தொடங்கிய இந்த மூன்று வருடமாக எந்த டாக்டரிடம் போனாலும் அம்மாவும் கூட வந்து உட்காருவாள். சின்ன வயதில் ஏதாவது நோய் உண்டா என்று கேட்டால் முந்திக்கொண்டு இல்லை என்பாள். ஆஸ்துமாவுக்கு மருந்து கொடுத்தார்கள். கால் வீங்கியதுதான் மிச்சம்.

அன்று புது டாக்டரம்மா. கணவனும் வந்திருந்தான். நெஞ்சில் குழாயை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு அதே கேள்வியைக் கேட்டாள்.

"சளி காய்ச்சல்கூட வந்ததில்லம்மா," என்றாள் அம்மா.

பொடிசு ரவிக்கையின் மேல் கொக்கிகளைக் கழற்றினாள். மூன்று கறுப்புப் புள்ளிகள். துணியில் சாக்பீசால் குறித்துவிட்டு வெட்டுவது போல, கதிர் எங்கே விழவேண்டுமென்று அன்று ஊசியால் மை குத்திய அடையாளம். கணவனிடம் மச்சம் என்று சொல்லியிருந்தாள்.

டாக்டரம்மாவின் விரல் ஒரு புள்ளியிலிருந்து மற்றதற்குப் போனது. நடுவே இதயம்.

"கரண்டு வச்சப்ப எத்தன வயசு?"

"ஒம்பது."

"இத ஏம்மா யாருமே சொல்லல?"

அம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஸ்கேனில், அன்று பட்ட கதிரால் இதய வால்வுகள் இறுகிக் கிடந்தன. இதயத் தசையும் சோர்ந்துவிட்டது. மூன்று வருடம் முன்பே வந்திருந்தால் வால்வை மாற்றியிருக்கலாம், இப்போது கத்தி வைத்தால் உடம்பு தாங்குவது சந்தேகம் என்றாள் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில் கணவன் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான்.

"மச்சம்னு சொன்ன."

"சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?"

அம்மா எழுந்து வந்து, அவள் கழுத்தருகே மாட்டாமல் விட்ட கொக்கியை மாட்டிவிட்டாள்.