இன்னும் ரெண்டு பல்

அந்த லாரி ஷெட்டில், பாரம் ஏற்றி நிற்கும் வண்டியை யாரும் சும்மா கடந்து போக மாட்டார்கள். கயிற்றை ஒரு தட்டுத் தட்டி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரு யோசனை சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். ஆயுசில் பஞ்சு மூட்டையைத் தவிர எதையும் ஏற்றாதவன் இரும்புக் கம்பிக்காரனுக்குப் பாடம் எடுப்பான். கம்பிக்காரன் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு நேரே முட்டை வண்டிக்குப் போய் அங்கே வாத்தியார் ஆகிவிடுவான்.

இந்த விஷயத்தில் எல்லோரையும் மிஞ்சியவர் முடிச்சு. பதினெட்டு வருஷ டிரைவர். அவர் போட்ட முடிச்சு அவிழ்ந்ததாக யாரும் சொன்னதில்லை, அதனால் வந்த பட்டப்பெயர்.

அன்று காலை முடிச்சுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. காரணம், அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. இவர்தான் முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அவனை வேலையில் சேர்த்துவிட்டார். நாலே வருஷத்தில் பயல் இவருக்குச் சரிசமமாக வந்து நின்றான்.

ஷெட்டின் மூலையில் புது லாரி ஒன்று, சீட்டில் பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. முதலாளி இருவரையும் கூப்பிட்டிருந்தார்.

"ரெண்டு பேரும் புதுக் குடியிருப்புக்குத் தண்ணித் தொட்டி ஏத்திட்டுப் போங்க. சேதாரம் இல்லாம இறக்குறவருக்குப் புது வண்டி. ரெண்டு பேருமே ஒழுங்கா இறக்கிட்டீங்கன்னா சீட்டு எழுதிப் போட்டுக்கலாம்."

பழைய வண்டியின் கிளட்ச்சை மிதித்து மிதித்து முடிச்சின் இடது முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. புது வண்டியில் கிளட்ச்சே கிடையாது. இதை வீட்டில் சொன்னபோது, "உங்களுக்குக் கிடைச்சா என்ன, தம்பிக்குக் கிடைச்சா என்ன, நம்ம வீட்டு வண்டிதானே," என்று மனைவி காபியை நீட்டினாள். அவர் அந்தக் காபியைக் குடிக்கவில்லை.

ஆள் உயரக் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகள், காலியாக, வண்டிக்கு ஒன்பது. முடிச்சு தம்முடையதைக் கயிற்றால் கட்டினார். மச்சினன் பெல்ட் போட்டான். பெல்ட்டின் இரும்புப் பிடியை ஆட்டினால் பல் பல்லாக ஏறி இறுகும். முடிச்சு சுற்றி வந்து பார்த்தார். பாவி, குறை சொல்ல ஓர் இடம் விடாமல் கட்டியிருந்தான். காலையில் கல் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் வெயில் ஏறினால் இளகிவிடும். அளவுக்கு மேல் இறுக்கிய தொட்டி விலா உள்வாங்கி நசுங்கிவிடும். அதற்காக அவன் சரியான அளவு இளக்கம் விட்டிருந்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் இதெல்லாம் எங்கே கற்றான் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பஞ்சு மூட்டைக்காரரும் இன்னும் நாலு பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிச்சு பெல்ட்டைத் தட்டினார்.

"மாப்ளே, லூசா இருக்கு. இன்னும் ரெண்டு பல் ஏத்து."

மச்சினன் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தான்.

"சரி அத்தான்."

மூன்று பெல்ட்டிலும் ரெண்டு ரெண்டு பல் ஏற்றினான். பஞ்சு மூட்டைக்காரர், "அனுபவம்னா அனுபவம்தான்யா," என்றார். முடிச்சுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. புது லாரியை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார், உறுத்தல் போய்விட்டது.

மச்சினன் முன்னால் போனான். ரயில்வே கேட்டில் மாட்டி, முடிச்சு கால் மணி நேரம் பிந்தினார். விரட்டிப் பிடித்த பிறகு அந்தத் தொட்டிகளின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வண்டி ஓட ஓடக் கயிறு நீண்டு தளரும் என்பதால் அரை மணி நேரத்தில் நிறுத்தி இறுக்கிக் கட்டுவது அவருடைய பதினெட்டு வருஷப் பழக்கம். வழக்கமாக நிறுத்தும் எடைமேடை வந்தது. இப்போது நிறுத்தினால் அவன் போய்விடுவான், முதல் தொட்டி நசுங்குவதைப் பார்க்க முடியாது. நிறுத்தாமல் போனார்.

வெயில் சுள்ளென்று ஏறியது. முன்னால் போன ஒன்பதும் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி உருண்டையாகவே இருந்தன. எப்படி, எப்படி என்று ஸ்டியரிங்கைக் குத்தினார். பின்னால் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே வந்ததை அவர் சட்டை செய்யவில்லை. கடைசியில் பைக்கில் வந்த ஒருவன் ஜன்னலோரம் வந்து கத்தினான்.

"யோவ், உன் தொட்டி ரோட்டுல உருளுதுய்யா!"

நிறுத்தி இறங்கினார். கயிறு தொளதொளவென்று தொங்கியது. அவர் வண்டியில் எட்டுதான் இருந்தன. ஒன்பதாவது, நல்லவேளை யார் மேலும் மோதாமல், சாலையோரப் புதரில் கிடந்தது. அடிப்பாகத்தில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல்.

கண்ணாடியில் பார்த்துவிட்டு மச்சினனும் வண்டியை ஓரங்கட்டி நடந்து வந்தான். தொட்டியை ஒருபக்கம் பிடித்தான். இருவருமாக உருட்டி வந்து ஏற்றினார்கள். அவனே கயிற்றை இறுக்கிக் கட்டினான். இப்போது சொல்வான், எடைமேடையில் நிறுத்தியிருக்கலாமே என்று சொல்வான் என முடிச்சு காத்திருந்தார். அவன் கையைத் தட்டிக்கொண்டு கிளம்பினான். அவர்தான் தாங்காமல் கேட்டார்.

"உன்னோடது எப்படி நசுங்கல?"

"நீங்க ரயில்வே கேட்டுல மாட்டின நேரத்துல, அந்த ரெண்டு பல்லையும் இறக்கிட்டேன் அத்தான்."

"அப்புறம் எதுக்கு ஷெட்டுல ஏத்தின?"

"அத்தனை பேரு நின்னாங்க. நீங்க சொல்லி நான் மாட்டேன்னா உங்களுக்கு அசிங்கம்." கொஞ்சம் தயங்கினான். "நான் இதை அக்காகிட்ட சொல்ல மாட்டேன்."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பெல்ட்டைத் தட்டிய அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. முடிச்சுக்கு வெயில் தெரியவில்லை, காது மட்டும் சுட்டது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

அவன் வண்டியில் ஏறியதும் முதலாளிக்குப் போன் போட்டார். நல்ல மனசெல்லாம் ஒன்றும் இல்லை. அவன் பெருந்தன்மையின் கீழ் இன்னும் ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"தொட்டி ஒண்ணு விழுந்து விரிசல் விட்டுடுச்சு முதலாளி. என் தப்புதான். புது வண்டியை அவனுக்கே குடுத்துடுங்க."

"நீயா சொல்ற? நீ சொல்லலன்னா அவன் வந்து சொல்லிடுவான்னு பயமா?"

"இல்ல முதலாளி. அவன் யார்கிட்டயும் சொல்ல மாட்டான்."

சொல்லும்போதே, அதற்கும் சேர்த்து அவன்மேல் பொறாமையாக இருந்தது.