சனிக்கிழமை பனி வரும்

டெக்சஸ் இர்விங்கில் ஜனவரி மாதம் அரைக்கைச் சட்டையோடு நடக்க முடிவது பலருக்கு வரம். வாஞ்சிநாதனுக்கு அது சொந்த அவமானம். லாஸ் கோலினாஸ் ஆபீஸில் மினசோட்டாக்காரன் ஒருவன், தன் அப்பா வீட்டு வாசலில் இடுப்பளவு குவிந்திருக்கும் பனியைப் போனில் காட்டி அலுத்துக்கொண்டால், இவர் முகம் சுருங்கிப்போகும். வேண்டாம் என்பவனுக்கு வண்டி வண்டியாகக் கொட்டுகிறது, வேண்டி நிற்பவனுக்கு எழுபது டிகிரி ஃபாரன்ஹீட்டில் இதமான வெயில்.

அவர் குரோம்பேட்டையில் வளர்ந்தவர். அங்கே நவம்பரில் வங்கக் கடலில் ஒரு சுழி கிளம்பினால் போதும், ஊரில் பாதிப் பேர் வானிலை நிபுணர்கள் ஆகிவிடுவார்கள். நாளைக்கு ஸ்கூல் லீவா என்பதுதான் கேள்வி, மற்றதெல்லாம் அதற்கான ஆராய்ச்சி. அந்தப் பழக்கம் விமானம் ஏறி டெக்சஸுக்கும் வந்துவிட்டது. இங்கே வங்கக் கடல் இல்லாததால் வாஞ்சிநாதன் பனியைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது வயது மகள் தீக்ஷா, பள்ளித் தோழிகள் சொன்னார்கள் என்று, பனி வேண்டி நைட் டிரஸ்ஸை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு தூங்குவாள். அப்பாவுக்கும் அப்படித் தூங்க ஆசைதான், மனைவி ராஜலக்ஷ்மி என்ன சொல்வாளோ என்றுதான் விட்டுவைத்திருந்தார்.

டாலஸ் சுற்றுவட்டாரத் தமிழர்களுக்காக அவர் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்திவந்தார். தினமும் வானிலையைக் கணிக்கும் இரண்டு கம்ப்யூட்டர் மாடல்களின் படங்களைப் போட்டுத் தமிழில் விளக்கம் எழுதுவார். நிதானமாகப் பேசும் மாடலுக்குப் பெரியவர் என்று பேர் வைத்திருந்தார். எதற்கெடுத்தாலும் ஊதிப் பெரிதாக்குகிற மாடல் சின்னவர். இரண்டு வருடத்துக்கு முன் ஐஸ் மழை வரப்போவதை இவர் எல்லாருக்கும் முந்திச் சொல்லி, சொன்னபடியே வந்தது. அதற்கு முந்தைய ஒரு பிப்ரவரியில் பனி கொட்டிக் கரண்ட் போய், பைப் வெடித்து, போர்வைக்குள் குழந்தைகளைக் கட்டிக்கொண்டு கிடந்தவர்கள் அந்தக் குழுவில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் பனியை நினைத்து நடுங்குகிறவர்கள். நடுங்குகிறவர்களுக்கும் ஏங்குகிற ஆளுக்கும் ஒரே குழு என்பதில் என்ன கோளாறு என்று யாரும் யோசிக்கவில்லை.

அந்த வாரம் திங்கட்கிழமை பெரியவரும் சின்னவரும் ஒத்த குரலில் சனிக்கிழமை பனி என்றார்கள். வாஞ்சிநாதன் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தார். அரசாங்க வானிலை ஆபீஸ் "லேசான மழை, பனிக்குச் சிறு சாத்தியம்" என்று போட்டிருந்தது. இவர் சாத்தியம் என்கிற சொல்லையே தொடவில்லை. "சனிக்கிழமை பனி வரும். பால், தயிர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினார். சாயங்காலத்துக்குள் இந்தியக் கடையில் தயிர் டப்பா காலி. "அண்ணா, நீங்கதான் எங்க குலதெய்வம்" என்று ஒருத்தர் எழுதியதை அவர் எத்தனை முறை எடுத்துப் படித்தார் என்று சொல்ல அவருக்கே வெட்கம்.

புதன்கிழமை மதியம் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து மாடல்களின் புது ரன்னை, அதாவது புதிதாகப் போட்ட கணிப்பைத் திறந்தார். பெரியவர் பனியைத் தூக்கி ஒக்லஹோமாவுக்கு வடக்கே போட்டிருந்தார். டாலஸ் மேல் வெறும் பச்சை, அதாவது மழை. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார். குழுவில் அவரோடு சேர்ந்து படங்களை அலசும் ஜெபினாவிடமிருந்து உடனே மெசேஜ் வந்தது. பிளேனோவில் டாக்டராக இருக்கிறவள், இவரைப் போலவே பனிப் பைத்தியம். ஆனால் பைத்தியத்திலும் ஒரு நேர்மை உண்டு அவளுக்கு.

"அண்ணா, பெரியவர் கைவிட்டுட்டார். குரூப்ல போட்டுடலாமா?"

"வெயிட் பண்ணும்மா. ஒரு ரன்னை வெச்சு முடிவு பண்ண வேணாம். மறுபடி திரும்பி வரும்" என்று பதில் அனுப்பினார். சின்னவர் இன்னும் பனியை விடவில்லை. அந்தப் படத்தை மட்டும் குழுவில் போட்டார். திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருடம் பார்க்கிறவருக்குத் தெரியாதா?

அன்று சாயங்காலம் அபார்ட்மென்ட் தபால் பெட்டிகள் பக்கத்தில் ரஞ்சித்குமார் பிடித்துக்கொண்டான். எதிர் வீட்டில் இருப்பவன், கோயம்புத்தூர்ப் பையன். அவன் மனைவி பிரீத்திக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து, இரண்டு முறை கைநழுவிப்போன பிறகு தங்கிய குழந்தை. சனிக்கிழமை அபார்ட்மென்ட்டின் பொது ஹாலான கிளப்ஹவுஸில் வளைகாப்பு. அதற்காகவே பிரீத்தியின் அம்மா வசந்தாமணி கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்திருந்தார். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், பொங்கல் லீவோடு கொஞ்சம் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தவர், ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். அவர்கள் பக்கத்து வழக்கப்படி தாய்வீட்டுக் கட்டுச்சோறு, புளிசாதமும் தேங்காய் சாதமும் எள்ளு சாதமும் தன் கையாலேயே செய்துபோட வேண்டும் என்று இரண்டு நாளாகப் புளிக்காய்ச்சல், எள்ளுப்பொடி என்று அடுப்படியே கதியாக இருந்தார்.

"உங்களத்தாங்ணா தேடிட்டு வந்தேன்" என்றான் ரஞ்சித்குமார். "சனிக்கிழமை என்னங்ணா பண்றது? ஆஸ்டின்ல இருந்து தங்கச்சி, ஹூஸ்டன்ல இருந்து பெரியப்பா பசங்க எல்லாம் கொழந்தைகளோட டிரைவ் பண்ணி வர்றாங்க. கிளப்ஹவுஸ்க்கு வேற பார்ட்டி வெயிட்டிங்ல இருக்கு, இன்னைக்கே சொல்லுன்னு மேனேஜர் நிக்கறா. போன்ல பாத்தா மழைன்னுதான் போட்டிருக்கு. ஆனா நீங்க சொல்றதுதாங்ணா எங்களுக்குக் கணக்கு."

"தள்ளி வெக்க முடியாதா?"

"எட்டாம் மாசம் செய்ய மாட்டாங்கங்ணா. ஒம்பதாம் மாசம்னா மார்ச். அத்தைக்குப் பப்ளிக் எக்ஸாம் டியூட்டி, வர முடியாது. டெலிவரிக்குத்தான் வருவாங்க."

வராதுப்பா, தைரியமா நடத்து. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் வாயைத் திறந்து வராது என்று சொல்வது, வாசல் வரைக்கும் வந்த பனியைத் தானே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற மாதிரி இருந்தது அவருக்கு. குழுவில் வரும் என்று எழுதிவிட்டு இங்கே வராது என்றால், இவன் பத்துப் பேரிடம் சொல்ல மாட்டானா? இந்த இரண்டும் சேர்ந்து வாயை அடைத்தன.

"கேன்சல் பண்ணிடு ரஞ்சித்" என்றார். "ரிஸ்க் எடுக்காத. கொழந்தைங்க வேற வராங்க."

குழந்தைகளை எதற்கு இழுத்தோம் என்று வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் உறைத்தது. அதுவரை பொய் சொன்னோம் என்று தோன்றவில்லை. குழந்தைகளை நினைத்தபோதுதான் தோன்றியது.

வியாழக்கிழமை காலை சின்னவரும் பனியைத் துடைத்துப் போட்டுவிட்டார். வாஞ்சிநாதன் குழுவில் "தற்போது சற்றுக் குழப்பமான நிலை நிலவுகிறது" என்று எழுதினார். குழப்பம் ஒன்றும் இல்லை. ஜெபினா அதற்குப் பதிலே போடவில்லை. ஆபீஸ் போகும் முன் எதிர் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று போனார். உள்ளே வசந்தாமணி போனில் யாரிடமோ, "இல்லீங்க, மண்டபமெல்லாம் வேற ஆளுக்குப் போயிருச்சுங்க. இங்க ஒரு தம்பி இருக்காரு, வானத்தைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவரு, அவரு சொன்னாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தட்டத் தூக்கிய கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை விடிந்தபோது வானம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. மேகம் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது.

வளைகாப்பை வீட்டு ஹாலிலேயே வைத்துக்கொண்டார்கள். பெண்கள் என்று பார்த்தால் ராஜலக்ஷ்மி, பிரீத்தியோடு வேலை பார்க்கும் ரோஷினி, மாடியில் இருக்கும் குஜராத்திக்காரம்மா. தயார் பண்ணியதை வீணாக்க மனசில்லாமல் அறுபது பேருக்கே செய்துவிட்ட கட்டுச்சோறு அலுமினியத் தட்டுகளில் சோபா மேல், டிவி பக்கத்தில், ஷூ ஸ்டாண்டு மேல் என்று இடமில்லாமல் அடுக்கியிருந்தது. வசந்தாமணி மாம்பழக் கலர் பட்டுப் புடவையில் இருந்தார். அந்தச் சின்ன ஹாலுக்கு அது ரொம்பப் பெரிய புடவை.

நலங்கு வைக்கிற நடுவிலும் ஆளாளுக்கு ஜன்னலை எட்டிப் பார்த்தார்கள். ராஜலக்ஷ்மி பார்த்தாள், ரோஷினி பார்த்தாள், ரஞ்சித்குமார் பால்கனிக்குப் போய் கையை நீட்டியே பார்த்தான். வாஞ்சிநாதன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒருவேளை சாயங்காலம் வருமாங்ணா?" என்று பிரீத்தி கேட்டாள். கன்னத்தில் சந்தனம். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். "துளியாவது விழுந்துட்டா மனசு ஆறிடுங்ணா. ஆஸ்டின்ல எல்லாரும் பார்க்ல வெளையாடற போட்டோ அனுப்பறாங்க. நான் இங்க இருந்து பனி போட்டோ அனுப்பினா, வராம இருந்தது சரிதான்னு அவங்களுக்கும் தோணும்ல?"

"பார்க்கலாம்மா" என்றார். பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது. இலையில் வைத்த புளிசாதம் அற்புதமாக இருந்தது, அதை விழுங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. கிளம்பும்போது வசந்தாமணி ஒரு முழுத் தட்டைக் கையில் கொடுத்து, "பாப்பாவுக்குக் குடுங் தம்பி" என்றார். அதையும் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரஞ்சித்குமாருக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ், லேப்டாப்பை விட்டு நகர முடியாது. ஏர்போர்ட்டுக்குத் தான் கொண்டுபோய் விடுவதாக வாஞ்சிநாதன் முந்திக்கொண்டு சொன்னார். பிரீத்தி மகா நன்றியோடு அம்மாவை இவர் காரில் ஏற்றிவிட்டாள். பாதி தூரம் இருவரும் ஊர் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். ஃப்ரீவேயில் ஏறியதும் வசந்தாமணி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"ஏனுங் தம்பி, பனி வராதுன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

இவர் வேகத்தைக் குறைத்து வலது ஓரத்து லேனுக்கு மாறினார்.

"நேத்து எல்லாரும் ஜன்னலை ஜன்னலைப் போயிப் பாத்தாங்க. நீங்க ஒருத்தருதான் பாக்கலீங்க. பரீச்சை பேப்பர் குடுக்கறப்ப, தன் மார்க்கு முன்னாடியே தெரிஞ்ச பசங்க இப்படித்தான் குனிஞ்சு உக்காந்திருப்பாங்க."

"புதன்கிழமை, ஆன்ட்டி" என்றார். "மதியமே. ரஞ்சித் கேக்கறதுக்கு முன்னாடியே. எனக்கு… வரணும்னு ஆசை. வராதுன்னு சொல்ல மனசு வரல. சொல்லிக்க வேற காரணம் எதுவும் இல்ல ஆன்ட்டி."

திட்டினால் நன்றாக இருக்கும் என்று வாஞ்சிநாதன் காத்திருந்தார். ஏர்போர்ட் டோல்கேட் தாண்டும்வரை வசந்தாமணி புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். ஒரு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"திரும்பினதும் ரெண்டு பேர்கிட்டயும் சொல்லி மன்னிப்புக் கேட்டுடறேன் ஆன்ட்டி. குரூப்லயும் எழுதிடறேன்."

"வேண்டாமுங்" என்றார் வசந்தாமணி. அதுவரை இல்லாத வேகத்தில் இவர் பக்கம் திரும்பினார். "குரூப்புல என்னத்த வேணா எழுதுங்க. பிரீத்திகிட்டச் சொல்லிராதீங்க. மாப்பிள்ளை ஆபீஸுக்குப் போயிட்டா அவ தனியா இருக்கறா. ராத்திரி பகல்ல வலின்னா அவ கதவு தட்டறது உங்க வீட்டுலதானுங்க. நாளைக்கு உங்களை நம்பமாட்டாம அவ தட்டாம விட்டுட்டா, நான் அங்கிருந்து என்ன பண்றதுங்க? எனக்குக் கோவம் இருக்குதுங்க, இல்லாம இல்ல. அதை நான் எடுத்துட்டுப் போறேன். அவ உங்களை நம்பிட்டே இருக்கட்டும்."

டெர்மினல் வாசலில் பெட்டிகளை இறக்கி வைத்தார். வசந்தாமணி கைகூப்பினார், சிரிக்கவில்லை. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போகும்வரை வாஞ்சிநாதன் அங்கேயே நின்றார். பின்னால் இருந்த கார்க்காரன் ஹார்ன் அடித்தான்.

கார் ரோட்டுக்கு வந்ததும் பிரீத்தி கூப்பிட்டாள்.

"அம்மா உள்ள போயாச்சுங்ளாண்ணா?"

"போயிட்டாங்கம்மா."

"ரொம்ப தேங்க்ஸுங்ணா. எங்களுக்குன்னு இங்க நீங்களும் அக்காவும்தான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், அழுதிருப்பாள் போல. "அப்புறம் ஒண்ணு கேக்கணுங்ணா. பிப்ரவரி ரெண்டாவது வாரம் ஸ்கேன் இருக்கு. ரஞ்சித் ஊர்ல இல்ல, நானே டிரைவ் பண்ணணும். அன்னிக்கு ஐஸ் கிஸ் இருக்குங்ளா? நீங்க சொன்னா அப்பாயின்ட்மென்ட்ட மாத்திக்கறேன்."

"எனக்குத் தெரியலம்மா" என்றார் வாஞ்சிநாதன்.

"உங்களுக்குத் தெரியாதுங்ளா?" பிரீத்தி சிரித்தாள். "சும்மா அடக்கமாப் பேசாதீங்ணா. ஒரு தடவை தப்பாப் போனா என்ன? எங்க நல்லதுக்குத்தான சொன்னீங்க."

அவர் ஜன்னலை இறக்கிவிட்டார். வெளியே இதமாக இருந்தது, எல்லா வண்டிகளிலும் ஜன்னல் திறந்திருந்தது. "அன்னிக்கு நானே கூட்டிட்டுப் போறேம்மா, என்ன வானிலையா இருந்தாலும்" என்றார். அதற்கும் அவள் நன்றி சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டே வண்டியை ஓட்ட வேண்டியிருந்தது.